"ஆராய்ச்சி சொல்கிறது" என்றால் "ஏன்?" என்று கேளுங்கள்

வியாபாரப் பயிற்சி வகுப்புகளில் "இது ஆராய்ச்சியில் நிரூபணமானது" என்ற பேச்சு தாராளமாகப் புழங்குகிறது. அதை நம்பி ரேக்கை மாற்றுவதும் சரக்கைக் குறைப்பதும் நமது முதலோடு சம்பந்தப்பட்ட காரியம். ஆகவே மேலாண்மை ஆராய்ச்சியில் எது வலுவான கோட்பாடு, எது வெறும் கணக்கு என்பதை வணிகர்களும் அறிந்திருப்பது அவசியம்.

அமெரிக்கப் பேராசிரியர்களான ராபர்ட் சட்டன், பாரி ஸ்டா இருவரும் 1995-ல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினர். மேற்கோள்கள், புள்ளிவிவரங்கள், காரணிகளின் பட்டியல், வரைபடங்கள், இன்னது நடக்கும் என்ற அனுமானம் ஆகிய ஐந்தும் தம்மளவில் கோட்பாடு ஆகா என்பது அவர்கள் வாதம். (கட்டம் கட்டி அம்புக்குறி போட்ட படத்துக்கே நம்மில் பலர் மயங்கிவிடுகிறோம்!) ஒன்று ஏன் நடக்கிறது என்ற விளக்கம்தான் கோட்பாட்டின் உயிர். யாரிடம், எங்கே, எப்போது அது பொருந்தும் என்ற எல்லையும் வேண்டும் என்று டேவிட் வெட்டன் 1989-லேயே எழுதியிருந்தார்.

நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரின் பெரிய மளிகைக் கடையில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற ஆய்வாளர்கள் ஜாம் ருசி பார்க்க மேஜை போட்டனர். முடிவுகள் 2000-ல் வெளியாயின. 24 வகை வைத்தபோது அவ்வழியே போன 242 பேரில் 145 பேர் நின்றனர். வாங்கியவர்கள் 4 பேர். 6 வகை மட்டும் வைத்தபோது 260 பேரில் 104 பேர் நின்றனர்; வாங்கியவர்கள் 31 பேர்.

உடனே "வகையைக் குறை, விற்பனை கூடும்" என்ற உபதேசம் கிளம்பியது. ஆனால் அந்தக் கடையிலேயே 300-க்கு மேற்பட்ட ஜாம் வகைகள் இருந்தன! மேலும், பழகிய ருசியையே எல்லோரும் எடுத்துவிடக் கூடாதென்று ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றை ஆய்வாளர்கள் மேஜையில் வைக்கவில்லை. இந்த விவரத்தை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

2010-ல் இத்தகைய 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சிலவற்றில் வகை கூடியதால் விற்பனை குறைந்தது, சிலவற்றில் கூடியது. 2015-ல் செர்னெவ் முதலானோர் செய்த ஆய்வுதான் விளக்கத்துக்கு வந்தது. என்ன வேண்டுமென்று வாடிக்கையாளருக்கே தெளிவில்லாதபோதும், சரக்குகளை ஒப்பிடுவது கடினமானபோதும், தேர்ந்தெடுக்கும் வேலையே சிரமமானபோதும், வேடிக்கை பார்க்காமல் வாங்கியே தீர வேண்டிய நிலையிலும் வகைப்பெருக்கம் தடையாகிறது என்றனர். என் கருத்தில், முதல் ஆய்வின் சதவிகிதக் கணக்கைவிட இதுவே கடைக்காரருக்குப் பயன்படுவது.

பத்து வருடமாக ஒரே மார்க் துவரம்பருப்பு கேட்டு வருபவரை ஏழு மார்க்குகள் குழப்பப் போவதில்லை. அவர் கேட்கும் மார்க்கை நிறுத்தினால் அடுத்த கடைக்குப் போவார். பரிசுப் பொருளோ, புது ஷாம்பூவோ தேடி நிற்பவரின் நிலை வேறு. ஆகவே சரக்கைக் குறைக்கச் சொல்பவரிடம், எந்தச் சரக்கில், எப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு, ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் ஷாம்பூ ரேக்கில் மட்டும் ஒரு மாதம் வகையைக் குறைத்து, பருப்பில் கை வைக்காமல், இரண்டின் விற்பனையையும் தனித்தனியே குறித்து வாருங்கள்.