சின்னவனுக்கு முதல் பிறந்தநாள்: பெரியவளையும் நினைத்து வாங்கு

தங்கச்சி, தலைப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்குவது சுலபம். வீட்டில் எதுவும் இருக்காது. எதைக் கொண்டுபோனாலும் உதவும். இரண்டாவது பிள்ளைக்கு வாங்கும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அக்காவின் துணி, தொட்டில், கிலுகிலுப்பை எல்லாம் ஏற்கெனவே தம்பியிடம் வந்திருக்கும். அந்த அக்காவும் ஐந்து வயதில், வருகிற பொட்டலமெல்லாம் தம்பிக்கே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதனால் பண்டார் பாருவில் எந்த வீட்டு விருந்துக்குப் போவதானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வாங்காதே, இரண்டு பிள்ளைகள் வளரும் வீட்டுக்கு வாங்கு.

1. அம்மாவிடம் முதலில் கேள்

கூச்சப்படாமல் ஒரு போன் போடு. "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம், நீங்க வந்தா போதும்" என்றுதான் பதில் வரும். "மூத்தவளோடது எதெல்லாம் இன்னும் நல்லா இருக்கு, எது கிழிஞ்சிடுச்சு?" என்று கேட்டுப் பார். உண்மையான பட்டியல் அப்போதுதான் வரும். துணி வாங்குவதாக இருந்தால் 12 மாத அளவை விட்டுவிடு. அது இரண்டே மாதத்தில் இறுகிப்போகும், எல்லாரும் அதையேதான் வாங்கி வருவார்கள். 18 முதல் 24 மாத அளவில், நம் ஊர் வெக்கைக்கு ஏற்ற மெல்லிய பருத்தியில் எடு. சரிகையும் கழுத்தில் உறுத்தும் லேஸும் போட்டோவுக்கு மட்டும்தான் ஆகும்.

2. கைமாற்றிக் கொடுக்க முடியாததைத் தேடு

சில பொருளை அக்காவிடமிருந்து தம்பிக்குக் கொடுப்பது நல்லதல்ல. பல் துலக்கும் பிரஷ், தண்ணீர் குடிக்கும் மூடிக் குவளை, நடை பழகும் செருப்பு எல்லாம் இதில் சேரும். செருப்பு வாங்கினால் அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார். சுலபமாக வளைய வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலில் நடப்பதே நல்லது. செருப்பு வாசலுக்கு வெளியே மட்டும் போதும்.

பெரிய பரிசாகக் கொடுக்க நினைத்தால் கார் இருக்கையை யோசி. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பிள்ளைகளுக்குக் கார் இருக்கை கட்டாயம். இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்று போதாது, மூத்தவளுக்கும் இன்னும் வேண்டும். மாமா, சித்தி, அத்தை எல்லாரும் பணம் சேர்த்து ஒன்றாக வாங்கினால் யாருக்கும் பாரமில்லை. ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. விபத்தில் சிக்கியதா இல்லையா என்று தெரியாத பழைய இருக்கை வேண்டவே வேண்டாம்.

3. இருவரும் சேர்ந்து விளையாடும் பொருள்

ஒரு வயதுப் பிள்ளைக்குப் பிடித்த வேலை போடுவது, எடுப்பது, தள்ளுவது, தட்டிச் சாய்ப்பது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிடித்தது கட்டுவது. அதனால் பெரிய மரக்கட்டைகள் இருவருக்கும் பொருந்தும். அக்கா கோபுரம் கட்டுவாள், தம்பி தட்டிவிடுவான், அவள் மறுபடி கட்டுவாள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மெத்தென்ற பந்து, இழுத்துக்கொண்டு போகும் வண்டி இவையும் அப்படித்தான்.

மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி கிடைத்தால் விடாதே. பிள்ளை தானே எழுந்து நின்று, பிடித்துக்கொண்டு, தன் காலால் தள்ளி நடக்கும். பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும் வட்ட வாக்கர் வேறு, அதை வாங்காதே. பிள்ளை நடக்கப் பழகும் முன்பே அது வேகமாக உருண்டு படி, அடுப்படி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். கனடா அதை 2004-லேயே தடை செய்துவிட்டது. வாசலிலேயே படி உள்ள தோட்டத்து லைன் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

4. அக்கா வாசித்துக் காட்டும் புத்தகம்

என்னைக் கேட்டால் இதுதான் முதல் பரிசு. மூலை வட்டமாக வெட்டிய கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கு. சின்னவன் கடிப்பான், புரட்டுவான். பாலர் பள்ளிக்குப் போகும் அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவாள். கேட்பதற்குத் தம்பி இருக்கும்போது அவளுக்கும் வாசிப்பு வீட்டுப்பாடமாகத் தெரியாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் சிறு பிள்ளைகளுக்காகத் தமிழில் படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம்.

செலவு குறைவாக இருக்க வேண்டுமா? சின்ன ஆல்பம் ஒன்று வாங்கி அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி என்று பக்கத்துக்கு ஒரு முகமாகப் படம் போட்டுக் கொடு. ஒரு வயதில் பிள்ளைக்கு முகங்களைப் போலப் பிடித்தது வேறில்லை. யார் யார் என்று சொல்லிக் கொடுக்கும் வேலை அக்காவுக்கு.

5. மூடி போட்ட பெட்டி

இதைப் பரிசாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்த வயதில் இதற்கு இணையான பொருள் குறைவு. நாம் புதுப் பொம்மையைத் திருப்பித் திருப்பிச் சோதிக்கிறோம். நடந்து திரியும் தம்பிக்கு அதிக ஆபத்து அக்காவின் பழைய பொம்மைகளில் இருக்கிறது. மணி கோக்கும் பாசி, பொம்மைச் செருப்பு, சொப்புச் சாமான், குட்டிக் காந்தம், பொத்தான் பேட்டரி எல்லாம் அவன் கைக்கு எட்டும் தரையில் கிடக்கும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். காந்தம் இரண்டு உள்ளே போனால் குடலைக் கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும். இரண்டில் எதை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆகவே அழுத்தி மூடும் பெட்டி ஒன்று வாங்கி, மேலே அக்காவின் பெயரை எழுதி அவளிடமே கொடு. "இது உன் பெட்டி. தம்பி தொடக் கூடாத சாமானெல்லாம் இதில். மூடுறது உன் பொறுப்பு" என்று சொல். அவள் பொருளுக்குக் காவல் கிடைத்தது, அவன் உயிருக்கும் காவல் கிடைத்தது. ஆனாலும் பெரியவர் கண் மேலே இருக்கத்தான் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை எல்லா நாளும் மறக்காமல் மூடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எது சின்னது என்று அளக்க ஒரு வழி: கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது.

6. பெரியவளுக்கும் ஒரு சின்னப் பொட்டலம்

தம்பிக்கு ஒரு வயது என்றால் அவள் அக்காவாகியும் ஒரு வருடம். அதைச் சொல்லியே கொடு. "நீ அழாமல் இருக்க இது" என்று கொடுத்தால் அழுகைக்குக் கூலி என்றுதான் மனசில் பதியும். "ஒரு வருஷமா தம்பியைப் பார்த்துக்கிட்டே இல்ல, அதுக்கு இது" என்று சொன்னால் நிமிர்ந்து நிற்பாள். பொருள் பெரிதாக இருக்க வேண்டாம். வண்ணப் பென்சில், ஸ்டிக்கர் புத்தகம் போதும். உள்ளே நுழைந்ததும் முதலில் அவள் கையில் கொடு.

மூத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வயதுதான் என்றால் கணக்கு வேறு. பொறுப்பெல்லாம் அந்த வயதில் புரியாது. தம்பி கையில் இருப்பதே வேண்டும் என்பான். அங்கே ஒரே பந்து இரண்டு, ஒரே வண்டி இரண்டு என்று வாங்குவதுதான் சமாதானம்.

7. தங்கமா, சேமிப்பா?

நெருங்கிய சொந்தமாக இருந்தால் 916 மோதிரம், வெள்ளி அரைஞாண், கொலுசு என்று யோசிப்பாய். மூத்தவளின் முதல் பிறந்தநாளுக்கு நீ என்ன போட்டாய் என்று முதலில் நினைத்துப் பார். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று போட்டால் பிள்ளைகளுக்கு இன்று தெரியாது, பத்து வருடம் கழித்து போட்டோ ஆல்பம் பார்க்கும்போது தெரியும். தங்கம் விற்கும் விலையில் சமமாகப் போட முடியவில்லையா? இருவர் பெயரிலும் சமமாகச் சேமிப்புக்குக் கொடு. பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் பிள்ளை பெயருக்குப் பெற்றோர் கணக்குத் திறக்கலாம், அதற்கு வருமான வரிக் கழிவும் உண்டு. கொலுசு போடுவதாக இருந்தால் மணிகளை இழுத்துப் பார். கழன்று வந்தால் வாய்க்குத்தான் போகும்.

8. கடையில் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொம்மைகளுக்கான விதிகள் 2009-இல் வந்தன. டப்பாவில் எம்.சி. முத்திரை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், வயது எல்லாம் இருக்கிறதா பார். பசார் மாலாமில் உதிரியாகத் தொங்கும் பொம்மையில் இவை பெரும்பாலும் இருக்காது. நீளக் கயிறு, திருகாணி இல்லாமல் திறந்துகொள்ளும் பேட்டரி மூடி, ஊதாத பலூன் மூன்றையும் ஒதுக்கு. டேப்லெட்டும் வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

9. எப்போது வாங்குவது, எப்படிப் பிரிப்பது

நமக்குக் கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பேராக்கில் சனி, ஞாயிறு. இரு கரைச் சொந்தமும் சேர்ந்து வரத் தோதான நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெரியவளுக்கும் பள்ளி இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு, பரிசு வாங்க அவளையும் அக்கரையில் உள்ள பாரிட் புந்தாருக்குக் கூட்டிப்போ. நீயே இரண்டு மூன்று பொருளை ஒதுக்கி வைத்து, அதில் ஒன்றை அவள் எடுக்கட்டும். அவள் தேர்ந்தெடுத்ததை அவள் பிடுங்க மாட்டாள். தம்பிக்குத் தானே பிரித்துக் காட்டுவாள்.

கையில் 60 வெள்ளி இருந்தால் இப்படிப் பிரி: சேர்ந்து விளையாடும் பொருளுக்கு அல்லது புத்தகத்துக்கு 35, மூடிப் பெட்டிக்கு 15, அக்காவின் பொட்டலத்துக்கு 10. பில்லை மட்டும் பத்திரமாக வைத்து அம்மாவிடம் கொடுத்துவிடு. அதே பொருளை வேறு யாராவது வாங்கி வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.