கண்டிச் சிம்மாசனத்தில் ஏறிய மச்சான்

கேள்வி: கண்டியின் கடைசி அரசர்கள் நாயக்கர்கள் என்கிறார்கள். அந்த மரபைத் தொடங்கியவர் மதுரையிலிருந்து படையெடுத்து வந்து கண்டியைப் பிடித்தாரா?
(வாசகர், கட்டுகஸ்தோட்டை)

பதில்: படையும் வரவில்லை, போரும் நடக்கவில்லை. தொடங்கியவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். 1739இல் அரியணை ஏறினார். கண்டிக்கு அவர் வந்தது அக்கா தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வரும் மச்சானாகத்தான்.

கண்டி அரசருக்குப் பட்டத்தரசியாக வருபவள் அரச குலத்துப் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். உள்ளூர்ப் பிரதானிகளின் குடும்பங்கள் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தாலும் அந்தத் தகுதிக்குள் வரவில்லை. அதனால் பெண் எடுக்கத் தென்னிந்தியாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மணப்பெண் வந்தால் சும்மா வருவாளா? தாய் தகப்பன், அண்ணன் தம்பி, அவர்களின் பிள்ளைகுட்டி என்று உறவுக்கூட்டமே கூட வந்து கண்டியில் குடியேறியது.

குண்டசாலையில் அரண்மனை கட்டி வாழ்ந்ததால் 'குண்டசாலை அரசர்' என்று பெயர் பெற்றவர் வீர நரேந்திரசிங்கன். 1739இல் அவர் இறந்தபோது பட்டத்தரசி வயிற்றில் பிள்ளை இல்லை. சிங்களப் பெண்ணொருத்தி வழியில் உனம்புவே என்ற மகன் இருந்தான். ஆனால் தாய் அரச குலத்தவள் அல்ல. ஆகவே முடி பட்டத்தரசியின் தம்பியான ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்குப் போனது. செல்வாக்கு மிக்க வெலிவிட்ட சரணங்கர தேரரும் அவர் பக்கமே நின்றார்.

இதில் ஒரு வேடிக்கை. மதுரையில் நாயக்கர் ஆட்சி முடிந்தது 1736இல். மூன்றே வருடத்தில் கண்டியில் ஒரு நாயக்கர் முடிசூடினார்!

கேள்வி: வெளியிலிருந்து வந்தவரைச் சனங்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?
(வாசகி, பேராதனை)

பதில்: ஊரின் சமயத்தை அவர் தன் சமயமாக்கிக்கொண்டார். எகிப்தில் தாலமி செய்ததும் இதைப் போன்றதுதான். அலெக்சாந்தரின் தளபதியான அந்த மக்கெதோனியர், கி.மு. 305இல் அரசரானதும் எகிப்தின் பழைய பாரோ மன்னர்களைப்போலவே தம்மைக் காட்டிக்கொண்டார். கிளியோபாத்ரா இறந்த கி.மு. 30 வரை அந்த மரபு நின்றது.

சைவ, வைணவப் பழக்கத்தில் வளர்ந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் பௌத்தத்தைத் தழுவினார். இலங்கையில் அப்போது முறைப்படி உபசம்பதா (முழுத் துறவு நிலை) பெற்ற பிக்குமாரே இல்லாத நிலை. அந்தத் துறவு வரிசையை மீண்டும் தொடக்கச் சீயத்துக்கு (இன்றைய தாய்லாந்து) தூது அனுப்பினார். பலனைக் காணாமலே 1747இல் கண்மூடினார். அவருக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், உபாலி தேரர் சீயத்திலிருந்து வந்து உபசம்பதா வழங்கினார். சீய நிக்காயம் பிறந்தது அப்படித்தான். இன்றைக்கு நாம் பார்க்கும் எசல பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனித தந்தத்துக்கு முதலிடம் கிடைத்ததும் அதே கீர்த்தி ஸ்ரீ நாளில்தான்.

கேள்வி: ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் மகன்தானே கீர்த்தி ஸ்ரீ?
(வாசகர், கம்பளை)

பதில்: இல்லை. அவரும் மச்சான்தான், ராணியின் தம்பி! அடுத்த ராஜாதி ராஜசிங்கன் கீர்த்தி ஸ்ரீயின் தம்பி. கடைசியாக வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவர், ராணி வழி உறவினர். 76 வருடம், நான்கு அரசர்கள். ஒருவர்கூட முன்னிருந்தவரின் மகன் இல்லை. பெண் கொண்ட வழியில் தொடங்கிய மரபு கடைசிவரை பெரும்பாலும் அந்த வழியிலேயே ஓடியது.

நால்வரும் அமர்ந்த சிம்மாசனத்தைப் பார்க்க ஆசையா? கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பொன்தகடு போர்த்தியது. கைப்பிடி இரண்டும் சிங்கம், சாய்மானத்தின் உச்சியில் சூரியன். ஒல்லாந்தர் அன்பளிப்பாகக் கொடுத்தது. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர் கைக்குப் போய், 1934இல்தான் நாடு திரும்பியது.

அதில் கடைசியாக இருந்து, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டவர் திரும்பவில்லை. 1832இல் வேலூர்ச் சிறையில் இறந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி இன்றும் அங்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது.