சதுப்பு நிலப் பூங்காவில் வௌவால் கூட்டம்

வௌவால் என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், மாநகரின் நடுவே ஆயிரக்கணக்கான வௌவால்கள் குடியிருந்தால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எழுந்த இவ்வினாவுக்குரிய விடையைக் காண்போம்.

சிட்னியில் 1888-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செண்டினியல் பூங்காவினுள் லாக்லன் சதுப்பு நிலம் உள்ளது. ஒரு காலத்தில் நகருக்குக் குடிநீர் தந்த இடம் இது. இங்குள்ள மரங்களில் சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. இவற்றின் விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை ஒரு கிலோ வரை இருக்கும். அந்தி சாய்ந்ததும் இவை இரை தேடிப் புறப்படுகின்றன. யூகலிப்டஸ் பூக்களின் தேனை உண்ணும்போது மகரந்தத்தை மரத்துக்கு மரம் சேர்க்கின்றன. பழங்களை உண்டு விதைகளைத் தொலைவில் இடுகின்றன. இவ்வாறு காடு தழைக்க உதவுகின்றன. தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆதலால் குறைந்துபோன இனம் விரைவில் பெருகுவதில்லை. 2001-இல் ஆஸ்திரேலிய அரசு இதனை அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவற்றால் தொல்லையும் உண்டு. இரைச்சல், நாற்றம், எச்சம் ஆகியவற்றோடு, தங்கும் மரங்களின் கிளைகளும் பட்டுப்போகின்றன. சிட்னி தாவரவியல் பூங்காவில் பழமையான மரங்கள் பாழானதால், 2012-இல் பேரொலி எழுப்பி வௌவால்களை அங்கிருந்து வெளியேற்றினர். அவை நகரை விட்டா போயின? இல்லை. "வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால், நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்னும் பழமொழிக்கேற்ப, நகரின் மற்ற வௌவால் கூட்டங்களோடு சேர்ந்துகொண்டன. விரட்டினால் தொல்லை தீராது. இடம் மாறும், அவ்வளவே.

ஆகவே, வௌவால்களைப் பேணுவதில் பாதி வேலை மனிதரை நெறிப்படுத்துவதே. அவை தங்கும் மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே வெளி விடவேண்டும். நடைபாதையை மரங்களின் நேர் கீழே அமைக்கக் கூடாது. நிழல் தரும் மரங்களை நடவேண்டும். ஏனெனில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டினால் வௌவால்கள் கூட்டமாக மடிகின்றன. அந்நாள்களில் மக்கள் அருகே சென்று அவற்றைக் கலைக்காதிருத்தல் நலம். கீழே விழுந்த வௌவாலை ஒருபோதும் கையால் தொடக் கூடாது. அவற்றின் கடியாலும் கீறலாலும் பரவும் லிஸ்ஸா வைரஸ் உயிரைப் பறிக்கக் கூடியது. தடுப்பூசி போட்டுப் பயிற்சி பெற்றோரே அவற்றை மீட்பர்.

நம் ஊர் ஆலமரத்திலும் பழந்தின்னி வௌவால்கள் தொங்குவதைக் காண்கிறோம். அவற்றின் மீது கல்லெறிய ஓங்கும் கையைத் தடுப்போம். விலகி நின்று பார்க்கக் கற்போம்.