வாட்ச் சொன்னால் டாக்டர் கேட்பாரா?

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். ‘இதயத்துடிப்பு சீராக இல்லை’ என்று என் ஸ்மார்ட் வாட்ச் இரண்டு முறை காட்டியது. டாக்டரிடம் போகலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: போங்கள், பதற்றம் வேண்டாம். தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தைப் பச்சை ஒளியால் பார்த்துத்தான் வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்தாலே கணக்குத் தப்பும். லாரி குலுக்கல் வேறு! அமெரிக்காவில் 4 லட்சம் பேருக்கு மேல் பங்கேற்று, 2019-ல் வெளியான ஆப்பிள் ஆய்வில் எச்சரிக்கை வந்தது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். அவர்களில் மார்பில் ஈசிஜி பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற சீரற்ற இதயத்துடிப்புக் கோளாறு உறுதியானது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம்வரை போகும். தேதி, நேரத்தோடு பதிவைக் காட்டி, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுங்கள். நெஞ்சு வலித்தால் மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மாரடைப்பு அதற்குத் தெரியாது, 108-ஐ அழையுங்கள்.