மருந்து கரையும் காலம்: எந்திரம் கற்கும் பாடம்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. மருத்துவர் தருவதும் மருந்து. பட்டாசுக் குழாயில் அடைப்பதும் மருந்து. இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கந்தகமும் அலுமினியத் தூளும் நுண்ணியனவாயின் விரைந்து எரியும். பருமனாயின் மெல்ல எரியும். உடலுக்குள் செல்லும் மருந்தும் அவ்வாறே, துகள் நுண்ணியதாயின் விரைந்து கரையும். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்குப் புறப்பரப்பு பெருகுவதே காரணம். கரையும் காலத்தை முன்கூட்டியே அறிய, இன்று கணிப்பொறி எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெல்லக் கரைவதன் தேவை

காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மருந்துண்ண வேண்டும். நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை, 1956இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு மையம் 1959இல் உலகிற்கு மெய்ப்பித்தது. ஆயினும் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றுவிடும்.

இதற்கு ஒரு தீர்வு, மருந்தைச் சுமந்து சென்று சிறிது சிறிதாக வெளியிடும் நுண்துகள். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமரால் இதனை ஆக்குவர். உடல்நீரில் அது மெல்லச் சிதைந்து மருந்தை விடுவிக்கும். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் குல்லர் குழுவினர், இவ்வகைத் துகள்களில் காசநோய் மருந்துகளை ஏற்றிக் கினிப் பன்றிகளுக்கு மூச்சுவழிச் செலுத்தினர். 10 நாள்களுக்கு ஒருமுறையாக 5 முறை தந்தது, நாள்தோறும் வாய்வழியாக 46 முறை தந்ததற்கு நிகரான பயனளித்ததாக 2003இல் வெளியிட்டனர்.

சூத்திரத்தின் எல்லை

ஒரு பொருள் கரையும் வேகம், நிறைவுற்ற கரைசலின் செறிவுக்கும் அந்நேரத்துச் செறிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1897இல் நாயஸ், விட்னி ஆகிய இருவர் கண்டனர். தேநீரில் சர்க்கரை முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் கரைவது இதனாலேயே. ஆனால் பாலிமர்த் துகளில் அதன் அளவு, அமிலங்களின் விகிதம், மூலக்கூறு எடை, மருந்தின் பங்கு ஆகிய யாவும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. முதல் நாளிலேயே மருந்தின் பெரும்பங்கு வெளியேறிவிடுவதும் உண்டு. அதனை மருந்தியலார் ‘வெடிப்பு’ என்றே குறிக்கின்றனர். ஒவ்வொரு கலவையையும் 37 பாகை செல்சியசு வெப்பத்தில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் சோதித்தே முடிவறிய வேண்டும்.

எந்திரம் கற்கும் முறை

பல்லாண்டு அனுபவமுள்ள தொழிலாளி, சூத்திரம் படிக்காமலே கலவையின் போக்கை ஊகிப்பார். அவர் கண்ட பழைய கலவைகளே அவருக்குப் பாடநூல். எந்திரக் கற்றலும் அத்தகையதே. முன்னர்ச் செய்த சோதனைகளின் விவரங்களையும் முடிவுகளையும் கணிப்பொறிக்குக் கொடுத்தால், அவற்றிடையே உள்ள தொடர்பை அது கண்டுகொள்ளும். சில முடிவுகளை மறைத்து வைத்துப் பின்னர் அதனைத் தேர்வு செய்வர்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 181 சோதனைப் பதிவுகளைத் திரட்டி, 11 வகைக் கற்றல் முறைகளை ஒப்பிட்டு 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தீர்மான மரத்தின் பிழையை அடுத்த மரம் திருத்துமாறு அடுக்கிய முறை முன்னிலை பெற்றது.

எச்சரிக்கை

கற்றறியாத பொருளில் எந்திரமும் தடுமாறும். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தபோது, பழைய கலவையில் பெற்ற அனுபவம் புதிய கலவைக்கு அப்படியே பொருந்தவில்லை. அதுபோலவே, கணிப்பொறி அறியாத புதிய மருந்துக்கு அது தரும் விடையை நம்பி நோயாளிக்கு ஊசி போடலாகாது. பல நாள் மருந்து ஒரே நாளில் வெளிப்பட்டால் நஞ்சாகும்; போதிய அளவு வெளிப்படாவிடில் நோய் முற்றும்.

மருந்தை மனித உடலிலும் சோதித்தாக வேண்டும், விலங்கில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்று, ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் விதி வகுத்தார். கணிப்பொறியின் செயல்முறையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லோ, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. ஒருவர் கணக்கைத் தந்தார். மற்றவர் சோதனையை வலியுறுத்தினார். இரண்டும் இணைந்தே நடக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வென்ற சோதனையை மட்டுமன்றித் தோற்ற சோதனையையும் ஒளிக்காமல் எழுதி வைத்தல் வேண்டும். தோல்வியைக் காணாத எந்திரம் தோல்வியை முன்னுணராது. உண்மையான பதிவே நாளைய நோயாளிக்கு நாம் செய்யும் அறம்.