சொல்லாமல் போய் நிற்காதீர்கள்

சிலோனிலிருந்து வந்து தேனிப் பக்கம் குடியேறிய நம்மில் எல்லாருக்குமே அங்கே விட்டுவந்த ஒருத்தர் இருப்பார். கட்டினவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்கப் போவது குற்றமில்லை. பழனிசெட்டிபட்டியில் என் மச்சான்மார் குற்றம் என்கிறார்கள். அவர்களுடைய அக்காவைக் கடைசிவரை படுக்கையில் வைத்துப் பார்த்தது யார் என்று அவர்களுக்கே தெரியும்.

பயண ஏற்பாடு பெரிய விஷயமில்லை. பிறந்த இடம் இலங்கை என்றால் பாஸ்போர்ட்டுக்குக் கேள்வி வரும். கண்டியில் இந்தியத் தூதரகம் அன்றைக்குக் கொடுத்த குடும்ப அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். விசா ஆன்லைனில். மதுரையிலிருந்து விமானம், கொழும்புக் கோட்டையில் பதுளைக் கோச்சி (ரயில்), அட்டனில் இறங்கினேன். ஸ்வெட்டர் வேண்டும். அவ்வளவுதான்.

"சொல்லாமப் போய் நில்லுப்பா, அப்பத்தான் மனசு தெரியும்" என்று மில்லில் கூட வேலை பார்த்த நண்பர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டாத மனுஷன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பொழுது சாய, நான் விட்டுவந்தவள் இருக்கும் தோட்டத்து லயத்து வாசலில் போய் நின்றேன். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்புகிற நேரம். பக்கத்துக் காம்பராக்களில் எல்லாம் தலை நீண்டது. அவளும் புருஷனை இழந்தவள். என்னைக் கண்டதுமே தெரிந்துகொண்டாள். ஆனால் மகனிடம், "நம்ம தாத்தாவத் தேடி இந்தியாவுல இருந்து வந்திருக்காரு" என்றாள். பிளேன்டீ வந்தது. என்றைக்கோ செத்துப்போன அவள் அப்பாவுக்கு நான் துக்கம் விசாரித்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன். அப்புறம் அவள் தம்பியைப் பிடித்து, டவுன் கோயிலில் வைத்துத்தான் பேச முடிந்தது. "ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருந்தா மகன்கிட்ட நானே பேசி வச்சிருப்பேனே" என்றாள். மகன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பெரியவர்கள் சொன்னதுபோல அவள் என்னை ஏமாற்றவும் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்குபோட்டது. நாங்கள் 1980இல் அழுகையோடு கிளம்பும் ஒப்பாரிக் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து ராமேஸ்வரம் வந்தோம். அவள் வீட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அப்பாவின் சேவைக்காலப் பணம் கைக்கு வரட்டும் என்று நின்றார்கள். 1984இல் கப்பலே நின்றுபோனது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு 2003இல்தான் இலங்கை சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. "அவ அங்கயே ஒருத்தனக் கட்டிக்கிட்டா" என்று சொல்லி 1986இல் எனக்குப் பெண் பார்த்த பெரியவர்களே, அவளுக்குக் கல்யாணம் நடந்தது 1987இல்.

போகிறவர்கள் கடிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். லயத்துக்கு வரும் தபால் பெரும்பாலும் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் போகும், அங்கேயே கிடக்கும். தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி யாருடைய போன் நம்பராவது பிடியுங்கள். முதல் பேச்சு அவர்களோடு இருக்கட்டும்.

வரும் தையில் அவள் தம்பி குடும்பத்தோடு இங்கே வருகிறாள். தங்குவது என் வீட்டில்தான். மச்சான்மார் கேட்க வேண்டியதை அன்றைக்கு நேரில் வந்து கேட்கலாம்.