முள் உரைக்கும் வெப்பம்

இங்கிலாந்து நாட்டில் கோவென்றி என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கிருந்த ஜாகுவார் தொழிற்சாலையார் 1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஜெனீவா நகரத்துக் கண்காட்சியில், 'ஈ-டைப்' என்னும் விரைவு வண்டியை உலகிற்குக் காட்டினர். நீண்ட மூக்கும் தாழ்ந்த உடலும் உடைய அவ்வண்டி, நிற்கும்போதும் ஓடுவது போலவே தோன்றும். அதன் உருவை வகுத்தவர் மால்கம் சேயர் என்பவர். வானூர்தித் தொழிலிற் பயின்றவர். காற்றை ஊடுருவிச் செல்லுதற்பொருட்டு வண்டியின் முகப்பு வாயை அவர் மிகச் சிறியதாக அமைத்தார். அவ்வழகே ஓர் இடர்ப்பாட்டிற்கும் இடமாயிற்று. பொறியின் சூட்டைத் தணிக்க வேண்டிய காற்று அச்சிறு வாயின் வழியாகவே புகுதல் வேண்டுமன்றோ? 1968-ஆம் ஆண்டில் வாயை அகலமாக்கி, ஒரு விசிறி இருந்த இடத்தில் இரு விசிறிகளை வைத்தனர். 1974-ஆம் ஆண்டோடு அவ்வண்டியின் ஆக்கம் நின்றது. 70,000-க்கும் மேலாக உருவாகிய அவ்வண்டிகளுட் பல இன்றும் ஆர்வலர்களாற் பேணப்பட்டு வருகின்றன.

அத்தகைய பழைய வண்டி ஒன்று, கோடைக்கால நண்பகலில், நெரிசல் மிக்க ஆங்கில நகரத் தெருவில் ஊர்ந்து செல்கிறது எனக் கொள்வோம். ஓட்டுபவருக்கு எதிரேயுள்ள வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிச் செந்நிற எல்லையைத் தொடுகின்றது. அவர் யாது செய்வார்? சிலர் உடனே ரேடியேட்டரைக் கழற்றுவர், நீரேற்றியை மாற்றுவர், பெரும்பொருள் செலவிடுவர். அத்தனைக்குப் பின்னும் முள் அவ்விடத்திலேயே நிற்கும். வேறு சிலர், "பழைய வண்டியின் மானி இப்படித்தான் காட்டும்" என்று கூறி மேலும் ஓட்டுவர். முன்னவர்க்குப் பொருள் நட்டம் மட்டுமே. பின்னவர்க்கோ பொறியே அழியவும் கூடும். இவ்வண்டிப் பொறியின் அடிப்பகுதி வார்ப்பிரும்பால் ஆகியது. தலைப்பகுதி அலுமினியத்தால் ஆகியது. சூடு அளவு கடந்தால் அலுமினியத் தலை கோணிவிடும். இரண்டற்கும் இடையே உள்ள காஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு சிதையும். நீர் செல்லத் தகாத இடங்களில் எல்லாம் நீர் செல்லும்.

ஆதலின், கருவிப் பெட்டியைத் திறக்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. சூடு பொறியில் உள்ளதா, முள்ளில் மட்டும் உள்ளதா? புகை கண்டவிடத்து நெருப்பு உண்டு எனத் துணிதலைக் கருதலளவை என்பர் நம் அளவை நூலார். மூடுபனியைப் புகையென மயங்கினவன் நெருப்பைத் தேடி வீணே அலைவான் என்பதும் அவர்தம் கருத்தே. மோட்டார்த் தொழிலுக்கும் அளவை நூலுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுதல் வேண்டா. பழுது காண்பவன் செய்வது முழுவதும் கருதலளவையே.

முள் எவ்வாறு அசைகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மானியினுள்ளே ஈருலோகத் தகடு ஒன்று உள்ளது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டியமைத்த தகடு ஆதலின், சூடேறினால் அது வளையும். அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றப்பட்டுள்ளது. கம்பியில் மின்சாரம் மிகுந்தால் தகடு மிகுதியாக வளைந்து முள்ளை மேலே தள்ளும். பொறியின் நீர்வழியிற் செருகப்பட்ட உணர்கருவியோ, நீர் சுடச்சுடத் தன் மின்தடையைக் குறைத்துக் கொள்ளும் இயல்பினது. நீர் கொதித்தால் தடை குறையும், மின்சாரம் மிகும், முள் ஏறும். பெட்ரோல் அளவு காட்டும் மானியும் இம்முறையினதே. அதற்கு உணர்கருவி, தொட்டியில் மிதக்கும் மிதவையோடு இணைந்த தடைக்கம்பி.

இங்கு ஓர் இக்கட்டு எழுகின்றது. பாட்டரியின் அழுத்தம் நிலையாக நில்லாது. பொறி நிற்கும்போது 12 வோல்ட்டு அளவிலும், ஓடும்போது 14 வோல்ட்டு அளவிலும் இருக்கும். அழுத்தம் மாறுந்தோறும் முள்ளும் மாறினால் மானியாற் பயன் என்ன? இது கருதி, மானிகளுக்குப் பின்னால் மின்னழுத்த நிலைப்படுத்தி என்னும் சிறு பெட்டி ஒன்றை வைத்தனர். அதனுள்ளும் ஓர் ஈருலோகத் தகடே உள்ளது. அது சூடேறி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறி நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இங்ஙனம் விட்டு விட்டுச் செல்லும் மின்சாரம் சராசரியாக 10 வோல்ட்டு ஆகின்றது. மானியின் தகடு மெதுவாக அசையும் இயல்பினதாகலின் இத்துடிப்பு முள்ளில் தோன்றாது. இவ்வளவு எளிய பொருளைக் கொண்டு இத்துணைப் பெரிய வேலையை முடித்த திறம் பாராட்டத் தக்கது.

இந்நிலைப்படுத்தி தன் வேலையைச் செய்ய, அதன் உலோகக் கூடு வண்டியின் உடலோடு நன்கு இணைந்திருத்தல் வேண்டும். இவ்விணைப்பையே தொழிலாளர் 'எர்த்' என்பர். அறுபது ஆண்டுத் துருவும் பூச்சும் சேர்ந்து இவ்விணைப்பைக் கெடுத்துவிட்டால், உள்ளிருக்கும் தகடு சூடேறுவதில்லை. தொடர்பு துண்டிக்கப்படுவதும் இல்லை. 10 வோல்ட்டு செல்ல வேண்டிய இடத்தில் 14 வோல்ட்டும் செல்லும். கம்பியில் தோன்றும் வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், மானித் தகடு ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் பெறும். நீர் இளஞ்சூடாய் இருப்பினும் முள் கொதிநிலையைக் காட்டும்.

இதனைக் கண்டுபிடிப்பது எப்படி? பெட்ரோல் மானியைப் பார்க்க வேண்டும். இரு மானிகளுக்கும் மின்சாரம் தருவது அந்த ஒரே நிலைப்படுத்தி. வெப்பமுள் ஏறும்போது, பாதி வெறுமையான தொட்டியை நிறைந்ததாக மற்றைய முள்ளும் காட்டுமாயின், பழுது பொறியில் இல்லை. நிலைப்படுத்தியிலோ அதன் எர்த்திலோ உள்ளது. ஒருவரே சொல்லிக்கொடுத்து அனுப்பிய இரு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொல்வது போன்றது இது. சிறு விளக்கு ஒன்றை நிலைப்படுத்தியின் வெளிமுனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இணைத்துச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், நலமுள்ளதாயின் விளக்குக் கண் சிமிட்டும். பழுதாயின் அணையாது எரியும், அன்றி எரியவே எரியாது. இக்காலத்தில் அசையும் தகடின்றி மின்னணு முறையில் இயங்கும் நிலைப்படுத்திகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. 1961-இல் வந்த 3.8 லிட்டர் வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1964-இல் வந்த 4.2 லிட்டர் வண்டிகளில் எதிர்முனை இணைக்கப்பட்டது.

வெப்பமுள் மட்டும் தவறாக நின்றால் உணர்கருவிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றுக. முள் தாழ்ந்த எல்லைக்கு மெல்ல இறங்குதல் வேண்டும். இறங்காதாயின், அக்கம்பி இடைவழியில் உறை தேய்ந்து உடலைத் தொடுகின்றது என்பது தெளிவு. இறங்கினால், பழுது உணர்கருவியில் இருக்கலாம். அல்லது சூடு மெய்யாகவே இருக்கலாம். இவ்விரண்டனுள் எது என்பதை, தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கொண்டு, தெர்மாஸ்டாட்டை மூடியுள்ள உலோகத்தை அளந்து அறியலாம். இது வண்டியின் மின்சாரத்தோடு தொடர்பில்லாத சாட்சி.

சூடு மெய்யெனத் தெரிந்தால், அது எப்பொழுது ஏறுகின்றது என்பதே வழிகாட்டும். நெரிசலில் ஏறித் திறந்த சாலையில் இறங்கினால் விசிறியை ஐயுறுக. இவ்வண்டியில் விசிறி மின்சாரத்தால் ஓடுவது. மேல்தொட்டியில் உள்ள வெப்பச் சுவிட்சே அதனை இயக்குவது. சுவிட்சின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துச் சாவியைத் திருப்பினால் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் சுவிட்சு கெட்டது; சுழலாவிடில் மின்னுருகியையும் கம்பியையும் விசிறியின் மோட்டாரையும் பார்க்க வேண்டும். விரைந்து ஓடும்போது மட்டும் ஏறினால், ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்த வண்டலே பெரும்பாலும் காரணமாகும்.

எல்லாவற்றினும் கொடியது வேறொன்று. நீர் ஒழுகிக் குறைந்துவிட்டால், உணர்கருவி நீரில் மூழ்காது வெற்றிடத்தில் நிற்கும். அப்பொழுது பொறி தீயாய்க் காய்ந்துகொண்டிருக்க, முள்ளோ தாழ்ந்து இறங்கும். ஏறியிருந்த முள் காரணமின்றித் திடீரென இறங்கினால் மகிழ்ந்து விரைதல் கூடாது. உடனே வண்டியை ஓரமாக நிறுத்திப் பொறியை அணைத்துவிடுக. மூடியை அப்பொழுதே திறவற்க. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாதிருந்து, மூடி திறந்த கணத்தில் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தை வேகச் செய்யும். கை வைத்துத் தாங்கும் அளவு ஆறிய பின்னரே, தடித்த துணியால் மூடியைப் பற்றி மெல்லத் திருகி, நீர் எவ்வளவு நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.